பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்காக

1

பதினான்கு நாட்கள். இந்தக் கதையின் நாயகி வாயைத் திறக்காமல் இருந்தது அவ்வளவுதான். இரண்டு வாரம் என்று சொன்னாலே போதும். ஆனால் கவலைப்படுகிறவர்கள் வாரமாக எண்ணுவதில்லை, நாளாகத்தான் எண்ணுவார்கள்.

கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற, ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிற கீபோர்டு அக்கா சொன்னது. கண் டாக்டரின் காத்திருப்பு அறையில் எங்கள் இருவருக்கும் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். எதையும் படிக்க முடியாது. கைப்பேசியைப் பார்க்க முடியாது. அவர் பேசினார், நான் கேட்டேன். அவர் முகம்கூட எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆகவே அவர் சிவப்பா, மாநிறமா, மூக்கு எப்படி என்றெல்லாம் நான் எழுதினால் நம்பாதீர்கள்.

யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. "பேர் எதுக்கும்மா? ஜெபக் குறிப்புல சில சமயம் பேர் இருக்காது. அந்த மாதிரி வச்சுக்கோ" என்றார். அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஆனால் நாயகியான மருந்துக்கடைக்காரியின் தலைக்குள் நடந்தது எல்லாம் நான் எழுதியது. அக்காவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அடுத்த பகுதிக்குப் போவோம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"கடல் அலைகளைப் போல அவள் மனதில் கவலைகள் —"

வேண்டாம். அலை வந்தால் திரும்பிப் போகும்.

"இன்றைய அவசர உலகில் மன அழுத்தம் என்பது —"

இது கைப்பிரதி. ஆலய வாசலில் கொடுப்பார்கள். நாம் பணிவாக வாங்கி, நான்காக மடித்து, பைக்குள் போட்டு, அடுத்த கைப்பிரதி வரும்வரை மறந்துவிடுவோம்.

மூன்றாவது தொடக்கத்தில் தொலைபேசி மணி அடித்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

"ஐயா, மருந்துக்கடையிலேர்ந்து பேசறேன். மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. ஏன்?"

"சும்மாதான். அட்டை என்ன கலர்ல இருக்கு, பார்த்துச் சொல்லுங்களேன்."

"பச்சை."

"பச்சைதானே? நல்லாப் பாருங்க."

"அம்மாடி, எனக்கு பிரஷர்தான். கண்ணு நல்லாத் தெரியுது."

பச்சை என்றால் சரி. ஐந்து மில்லிகிராம். நீலம் என்றால் பத்து. அவள் கொடுத்தது பச்சைதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மருந்துச் சீட்டோடு ஒருமுறையும் பில்லோடு ஒருமுறையும் ஒத்துப் பார்த்துத்தான் கொடுத்தாள். ஆனால் பேருந்தில் ஏறி உட்கார்ந்த மறுநிமிடம் அந்த அட்டை அவள் மனதில் மெல்ல நீலமாக மாற ஆரம்பித்துவிடும்.

இத்தனை வருடத்தில் அவள் ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. அந்தப் பெரியவர் தெருவெல்லாம் சொன்னார்: "பெத்த பொண்ணு மாதிரி போன் பண்ணி விசாரிக்கிறா." வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட இங்கே வர ஆரம்பித்தார்கள். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். அவள் பயத்தால் கடைக்குக் கிடைத்த நல்ல பெயர் கொஞ்சமல்ல. ஆள் அதிகமானால் அட்டைகளும் அதிகம். அட்டைகள் அதிகமானால் —

வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளாலும் முடிக்க முடிந்ததில்லை.

3

இனிச் சொல்லப்போவது முக்கியம். இது தெரியாவிட்டால், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று அவள்மேல் உங்களுக்குக் கோபம் வரும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆலயத்தில் முன்னே போய் மைக்கைப் பிடித்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்னாள். "எனக்குக் கவலை ஒரு நோய் மாதிரி இருந்துச்சு. கர்த்தர் எடுத்துப்போட்டுட்டார்." எல்லோரும் கை தட்டினார்கள். சபையில் எல்லோருக்கும் தைத்துக் கொடுக்கிற டெய்லர் ஆன்ட்டி அழுதார். (டெய்லர் ஆன்ட்டி அறிவிப்புகளுக்கும் அழுவார்.) போதகரின் மனைவி பாஸ்டரம்மா அதன்பிறகு போகிற இடமெல்லாம், "எங்க சபையில ஒரு மருந்துக்கடைத் தங்கச்சி இருக்கா" என்று ஆரம்பித்துவிடுவார்.

[அடிக்குறிப்பாக வர வேண்டியது: அவள் பொய் சொல்லவில்லை. அன்று அது நூற்றுக்கு நூறு உண்மை. சரியாக ஐந்து வாரம் அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. குழந்தை மாதிரித் தூங்கினாள்.]

ஆறாவது வாரம் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். பூட்டினோமா என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். ஊருக்குப் போயிருந்த உறவுக்காரர் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து, என் கட்டில் எங்கே என்று கேட்பதுபோலக் கவலை வந்துவிட்டது.

கைத்தட்டல் வாங்கிய சாட்சியை யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது? யாராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டால், "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்" என்பாள். கேட்டவர்களும் அதைத்தான் எதிர்பார்த்துக் கேட்டார்கள்.

4

வியாழக்கிழமை மாலைகளில் ஆலயத்தின் பக்கத்து அறையில் பெண்கள் ஜெபக்கூட்டம். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பிஸ்கட் தட்டு, மூலையில் கீபோர்டு. ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்லுவார்கள். மகனுக்குத் தேர்வு. மாமியாருக்கு மூட்டு வலி. வீட்டுக்காரருக்கு வேலை மாற்றம்.

அவள் முறை வந்தது.

"பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்காக. எல்லாத்துக்கும் பயப்படறாங்க. சரியாத் தூங்கறதில்ல. ஜெபிச்சுக்கோங்க."

"ஐயோ பாவம். யாரு?" என்றார் டெய்லர் ஆன்ட்டி.

"பேர் வேண்டாம்னாங்க."

"பேர் வேண்டாம். நம்ம கூட்டத்துக்கு வர்றவங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஜெபத்துக்குத் தலை குனியப்போகிற நேரத்தில் பொய் வரவில்லை. ஆமாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டிவிட்டாள்.

எட்டுப் பெண்கள். பதினாறு கண்கள் வட்டத்தைச் சுற்றி வந்தன. மூலையில் கீபோர்டு அக்கா குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போதாதா?

5

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டெய்லர் ஆன்ட்டி கீபோர்டு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான் சொல்றேன். எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பாருங்க, கண்ணு கலங்குது."

"புதுக் கண்ணாடி ஆன்ட்டி. மேல பார்த்தா ஒரு பவர், கீழ பார்த்தா ஒரு பவர். நோட்ஸைப் பார்த்தா தண்ணி கொட்டுது."

"கண்ணாடி மேல பழி போடாதீங்க அக்கா."

அன்றிலிருந்து அன்பு பொழிந்தது. காலை ஆறு மணிக்கு போனில் வசனம். மதியம் சாப்பிட்டீங்களா என்று ஒரு போன். சாயங்காலம் சும்மா பார்க்க வந்தோம் என்று இரண்டு பேர். அக்கா தனியாக இருப்பவர். ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி முன்னால் எண்களைத் தட்டுகிறவர். வீட்டு மணி அந்த நான்கு நாளில் அடித்த அளவுக்கு அதற்கு முன் ஐந்து வருடத்தில் அடித்திருக்காது. "எனக்கு ஒண்ணுமில்லை" என்று அவர் சொல்லச் சொல்ல, அவர்களுக்குக் கவலை கூடியது. ஒன்றுமில்லை என்று இவ்வளவு அழுத்திச் சொன்னால் என்னமோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அடுத்த வியாழக்கிழமை பாஸ்டரம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கா, மூணு மாசம் ஓய்வெடுங்க. கீபோர்டை என் தம்பி பொண்ணு பார்த்துக்குவா."

"எனக்கு எதுக்கு ஓய்வு?"

"உங்க நல்லதுக்குத்தான்."

"பாஸ்டரம்மா, ஞாயித்துக்கிழமை அந்த ஒரு மணி நேரம் வாசிக்கிறதுக்காகத்தான் வாரம் முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டறேன். அதையும் எடுத்துட்டா எப்படி?"

"பாருங்க, கோபம் வருது. அதுவும் ஒரு அறிகுறிதான்" என்று டெய்லர் ஆன்ட்டி பக்கத்திலிருந்தவரிடம் ரகசியம் சொன்னார். அவருடைய ரகசியம் தெருவரை கேட்கும்.

கீபோர்டு அக்கா துணியை எடுத்து கீபோர்டின்மேல் போர்த்தினார். "நோட்ஸ் அலமாரிச் சாவி வீட்ல இருக்கு. அடுத்த வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்துடறேன். அதுக்கப்புறம் நான் வரல. ஞாயித்துக்கிழமையும் வேற சபை பார்த்துக்கறேன்."

வெளியே போய்விட்டார்.

மருந்துக்கடைக்காரி கையில் பாதி பிஸ்கட் இருந்தது. மென்றுகொண்டிருந்தால் பேச வேண்டியதில்லை. நீண்ட நேரம் மென்றாள்.

6

[இடையில் ஒரு பிரச்சினை. முதல் பிரதியில் பாஸ்டரம்மாவை வில்லியாக்கியிருந்தேன். அது நன்றாக வந்தது. ஆனால் காத்திருப்பு அறையில் நான், "மோசமானவங்க போல" என்று முணுமுணுத்தபோது கீபோர்டு அக்கா உடனே மறுத்துவிட்டார். "அப்படிச் சொல்லாதம்மா. எனக்கு ஆபரேஷன் ஆனப்போ பத்து நாள் என் வீட்டுத் தரையில படுத்துக் கிடந்தாங்க." தன் வாயால் வில்லியைக் காப்பாற்றிவிட்டார். எனக்கு ஒரு நல்ல பக்கம் நஷ்டம்.]

[ஒரு போதகரையும் வைத்திருந்தேன். நாயகிக்கு ஆலோசனை சொல்ல வந்தார். மூன்று பக்கம் பேசினார். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை பேசட்டும் என்று நீக்கிவிட்டேன்.]

ஆக, அவளுக்கு உதவ ஆள் இல்லை. பேசாமல் இருந்தால் அக்காவின் கீபோர்டு போகும், அக்காவே போவார். பேசினால் சாட்சி போகும். யோசிக்க ஒரு வாரம்தான் இருந்தது. யோசிப்பதில்தான் அவள் கெட்டிக்காரி ஆயிற்றே. ஆறு நாள் யோசித்து ஒன்றும் முடிவு செய்யவில்லை.

7

புதன்கிழமை மதியம். கடையில் ஆள் இல்லாத நேரம். பின்பக்கச் சரக்கு அறையில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கும் இன்சுலின் வைக்கிற குளிர்பெட்டிக்கும் நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, அந்தச் சகோதரிக்கு —"

பாதியில் நிறுத்திவிட்டாள்.

எந்தச் சகோதரி?

இத்தனை மாதமாகத் தனியாக ஜெபிக்கும்போதும் இப்படித்தான் சொல்லிவந்திருக்கிறாள். கவலையோடு இருக்கிறவர்களுக்கு உதவும். பயத்தில் இருக்கிற பிள்ளைகளைத் தேற்றும். ஏதோ யாருக்கோ சிபாரிசுக் கடிதம் கொடுப்பதுபோல. எட்டுப் பெண்களிடம் மறைத்தது சரி. தலைமுடியைக்கூட எண்ணி வைத்திருப்பவர் என்று யாரைப் பற்றிச் சின்ன வயதில் வசனம் மனப்பாடம் செய்தாளோ, அவரிடமுமா?

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பின் நடந்ததை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் ஜன்னல் வழியாக ஒளி வந்தது. சரக்கு அறைக்கு ஜன்னல் கிடையாது, மருந்து கெட்டுவிடும். இன்னொன்றில் "சொல்லொணாச் சமாதானம் அவள் உள்ளத்தை —" இது மறுபடியும் கைப்பிரதி. மூன்றாவதில் அவள் சொன்னதை மட்டும் எழுதினேன்.

"ஆண்டவரே, நான்தான். எனக்குப் பயமா இருக்கு."

ஒன்றும் நடக்கவில்லை. குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்று அவளுக்குப் புரிந்தது. இதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. போன வருஷம் வேற மாதிரி சொன்னாயே என்றும் கேட்கவில்லை.

பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி ஆண்டவர் கவலையைப் பற்றிப் பேசிய அந்த வேதாகமப் பகுதி அவளுக்கு நினைவு வந்தது. எப்போது கேட்டாலும் அது அவளுக்குத் திட்டு மாதிரிதான் ஒலிக்கும். உன் விசுவாசம் இவ்வளவுதானா என்பது மாதிரி. இன்று வேறு மாதிரிக் கேட்டது. கவலையே இல்லாதவர்களிடம் போய் யாரும் கவலைப்படாதே என்று சொல்ல மாட்டார்கள். அன்று புல்லில் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டம் முழுக்க அவளைப் போன்றவர்கள். அடுப்பை அணைத்தோமா, கதவைச் சாத்தினோமா என்று யோசித்துக்கொண்டே கேட்டவர்கள். அது தெரிந்துதான் அவர் அவர்களை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். யாரையும் எழுந்து போகச் சொல்லவில்லை.

அன்று மாலை பேருந்தில் மூன்று பேருக்குப் போன் செய்ய வேண்டும்போல இருந்தது. ஒருவருக்குத்தான் செய்தாள்.

[இதை வெற்றி என்று எழுதலாமா? எழுதுகிறேன்.]

8

முடிவுகள்.

மாமா ஒருவருக்குக் கதையைச் சொன்னேன். "கவலை சுத்தமாப் போயிடுச்சுன்னு முடி. படிக்கிறவங்களுக்கு அதுதான் வேணும்" என்றார். அந்த முடிவு ஏற்கெனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லப்பட்டு, கை தட்டப்பட்டு, ஐந்து வாரம் ஓடிய முடிவு.

கீபோர்டு அக்கா தானே கண்டுபிடித்து, அவளைக் கட்டிப்பிடித்து மன்னிப்பதாக ஒன்று எழுதினேன். அழகாக இருந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்க வேண்டிய வேலையை நானே செய்துவிட்டதுபோல ஆகிவிட்டது. கிழித்துவிட்டேன்.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டால், அவள் பேசிய இடம்வரைதான் எனக்குத் தெரியும். அதற்குள் அக்காவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு அவர்கள் கை தட்டினார்களா, முகம் திருப்பினார்களா, "எனக்கும்தான்" என்று யாராவது சொன்னார்களா, அக்கா சாவியைக் கொடுத்தாரா, இதெல்லாம் இனி உங்கள் பாடு. உங்கள் சபையை, உங்கள் வீட்டை, உங்கள் பக்கத்து நாற்காலியை உங்களுக்குத்தான் தெரியும். நான் அவளோடு வாசல்வரை வருகிறேன்.

9

வியாழக்கிழமை. அதே வட்டம். கீபோர்டு அக்கா நாற்காலி நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உடனே எழுந்து போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல அந்தச் சகோதரிக்காக ஜெபிப்போம்" என்றார் பாஸ்டரம்மா, எல்லோரும் யாரைப் பார்க்கிறார்களோ அவரைப் பார்த்தபடி.

"ஒரு நிமிஷம் பாஸ்டரம்மா." மருந்துக்கடைக்காரி பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கியிருந்தாள்.

"சொல்லு தங்கச்சி. ஜெபக் குறிப்பா?"

"ஆமா."

"யாருக்கு?"

"பேர் சொல்ல விரும்பாத —" என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். டெய்லர் ஆன்ட்டி முன்கூட்டியே கைக்குட்டையை எடுத்தார்.

"ஆன்ட்டி, இருங்க, இன்னும் சொல்லவே இல்ல" என்றாள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னாள்.

"எனக்குத்தான். அந்தச் சகோதரி நான்தான். அக்கா இல்ல. போன வருஷம் பயம் போயிடுச்சுன்னு சாட்சி சொன்னதும் நான்தான். அஞ்சு வாரம் போயிருந்துச்சு. திரும்பி வந்துடுச்சு. இப்ப இதைச் சொல்லும்போதும் பயமாத்தான் இருக்கு."