ஹெஸ்லப் நிரூபித்த வினைச்சொல்

வட இங்கிலாந்தில், நார்த்தம்பர்லாந்தில் எங்கள் ஊர்க்காரர்கள் கொலைகாரனைக்கூட மன்னித்துவிடுவார்கள். அடுத்தவன் தோட்டத்து லீக்ஸில், பருத்த வெங்காயத்தாள் மாதிரியான அந்தக் காய்கறியில், கைவைத்தவனை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். அந்த செப்டம்பரில், வருஷாந்திர லீக்ஸ் போட்டிக் கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கத்பர்ட் டோட்ஸின் பாத்தியில் கொழுகொழுவென்று நின்ற பதினெட்டு லீக்ஸையும் யாரோ திங்கட்கிழமை பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். ஆறு வருஷமாகக் கத்பர்ட்டிடம் தோற்றுத் தோற்றுப் புழுங்கிக்கொண்டிருந்தவர் கவுன்சிலர் நார்மன் ஹெஸ்லப். ஊரே அவரைத்தான் கைகாட்டியது.

நான் அப்போது ஊர் வாரப் பத்திரிகையில் நிருபர். ஹெஸ்லப் தொலைபேசியில் கத்தியதை அப்படியே எழுதினேன்: குற்றச்சாட்டை அவர் ‘ரிஃப்யூட்’ செய்தார். துணையாசிரியர் ஈடித் தேர்ல்வெல் அந்த வினைச்சொல்லை அடித்துவிட்டு ‘மறுத்தார்’ என்று போட்டார்.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. பின்னாலேயே ஹெஸ்லப்பும் வந்தார்.

“நான் ரிஃப்யூட் பண்றேன்னு சொன்னேன். வெறுமனே மறுத்தார்னு போட்டு என்னைச் சப்பையாக்கிட்டியேம்மா!”

“மறுக்க வாய் போதும், கவுன்சிலரே. அது பொய்னு நிரூபிச்சாத்தான் ரிஃப்யூட்” என்றார் ஈடித்.

“யாரு சொன்னா?”

“லத்தீன்காரன். எதிராளியை அடிச்சுப் பின்னால தள்ளுறதுதான் அந்த வார்த்தையோட மூலம். நீங்க எங்க அடிச்சீங்க? கத்தினீங்க.”

“டிவில தினம் ஒரு மந்திரி ரிஃப்யூட் பண்றானே!”

“அவனும் கத்தத்தான் செய்றான்.”

ஹெஸ்லப்பின் காது சிவந்தது. “ஆதாரம்தானே? கொண்டாறேன். அப்புறம் அந்த வார்த்தையைக் கொட்டை எழுத்துல போடணும்.”

“தாராளமா.”

மறுநாள் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். எல்வுட் பிராஸ், டர்ஹம் பக்கத்து விவசாயி. ஒளிவுமறைவு தெரியாத மனிதர் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“திங்கக்கிழமை காலைல இருந்து பொழுது சாயிற வரைக்கும் கவுன்சிலர் என் தோட்டத்துலதான் இருந்தாரு” என்றார். “பைபிள்ல வேணா சத்தியம் பண்றேன்.”

ஹெஸ்லப் நெஞ்சை நிமிர்த்தினார். ஈடித் எழுதிக்கொண்டே கேட்டார்: “நாள் பூரா அங்க என்ன பண்ணினாரு?”

“லீக்ஸ் பொறுக்கினாருங்க. ஒவ்வொண்ணா நாடா வெச்சு அளந்தாரு. கடைசில ரெண்டு எடுத்து, கைக்குழந்தை மாதிரி கம்பளில சுத்தி...”

“எல்வுட், வாயை மூடுய்யா.”

“...கார்ல வெச்சுக்கிட்டாரு. போட்டிக்கு வெக்கப்போறேன்னு சொன்னாருங்க.”

போட்டியில் சொந்தப் பாத்தியில் வளர்த்ததைத்தான் வைக்கலாம்.

“கவுன்சிலரே, அருமையா ரிஃப்யூட் பண்ணிட்டீங்க” என்றார் ஈடித். முப்பது வருஷத்தில் அவர் யாரையும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

“இதைப் போடாதம்மா.”

“எதை?”

“எதையுமே!”

நாங்கள் போடுவதற்குள் எல்வுட்டே ஊருக்குள் போய், இரண்டு கோப்பை பீருக்குள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஹெஸ்லப்பின் லீக்ஸைப் போட்டி மேசை பக்கமே விடவில்லை. சனிக்கிழமை முதல் பரிசு, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவருடைய சோனி லீக்ஸுக்குப் போனது.

பரிசு கொடுத்து முடிந்ததும் கத்பர்ட்டின் மனைவி மியூரியல் எழுந்தாள்.

“அந்தப் பதினெட்டையும் வெட்டினது நான்தான். ஏப்ரல்லேர்ந்து இந்த மனுஷன் அதுங்க பக்கத்துக் கொட்டகைலதான் தூங்குறாரு. பெத்த பொண்ணு கல்யாணத்துல பாதில எந்திரிச்சுப் போய்த் தண்ணி ஊத்தினாரு.”

கத்பர்ட் மனைவி பக்கம் திரும்பினார்.

“எந்தக் கத்தி?”

“ரொட்டிக் கத்தி.”

“அதான் வெட்டு பிசிறடிச்சுது.” தொப்பியை எடுத்துக்கொண்டார். “வா, வீட்டுக்குப் போலாம்.”

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள்.