பதிமூன்றாவது செவ்வாய்

மின்னியின் விலா எலும்புகளைப் படகுச் சவாரிக்கு வந்தவர்கள்கூட எண்ணிவிடுவார்கள். "ஏங்க, குதிரைக்குத் தீனியே போடறதில்லையா?" என்று ஒரு மகராசி கேட்டுவிட்டும் போனாள். பைக்காராவில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைக்கும் சில்வஸ்டருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

தீனி போடாமலா இருக்கிறான்? மின்னி பந்தயத்தில் ஓடிக் கழித்துவிடப்பட்ட குதிரை. கொள்ளும் ஓட்ஸும் போட்டால் அது உடம்பில் ஒட்டாது, நேராகத் தலைக்கு ஏறும். பிளாஸ்டிக் பை ஒன்று காற்றில் பறந்தால் போதும், முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சரி, குறைப்போம் என்று குறைத்தால் ஒரே வாரத்தில் எலும்பும் தோலும். போட்டாலும் வம்பு, போடாவிட்டாலும் வம்பு.

கால்நடை மருத்துவர் ஷைனா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. அதற்குள் விலா மூட வேண்டும், குணமும் அடங்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அதன்பிறகு சவாரிக்கு அனுமதி கிடையாது. அனுமதி இல்லாத குதிரையைச் சும்மா கட்டி வைத்துத் தீனி போட சில்வஸ்டரால் முடியாது. கழித்த குதிரைகளை வாங்கிப்போகும் சமவெளித் தரகரின் லாரியில் ஏற்ற வேண்டியதுதான். அந்த லாரியில் போன குதிரைகள் என்ன ஆயின என்று அவன் இதுவரை யாரையும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

"கொள்ளு வேண்டாம், ஓட்ஸ் வேண்டாம், வெல்லத்தைக் கண்ணுலயே காட்டாதீங்க" என்றார் ஷைனா. "நாள் பூரா வாயில புல்லு இருக்கட்டும். கூடவே குதிரைமசால் தழை. எண்ணெயை ஒரு கரண்டியில ஆரம்பிச்சு மெல்ல மெல்லக் கூட்டுங்க. சதை தானா பிடிக்கும், கிறுக்கும் பிடிக்காது."

குதிரைமசால் கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கு லாரியில் வரும், செவ்வாய்க்கிழமை மட்டும். வாரா வாரம் மதியமே கிளம்பிப் போய், அந்தப் பச்சைக் கட்டுகளைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, பொழுது சாய்ந்துதான் திரும்புவான்.

டாக்டர் சொன்னது பாதி பலித்தது. எட்டாவது வாரம் விலா மறைந்தது. முதுகில் பளபளப்பு வந்தது. குணம் மட்டும் அடங்கவில்லை. நாலு நாள் ஆட்டுக்குட்டி மாதிரி நிற்கும், திடீரென்று ஒரு நாள் பிசாசு பிடித்தாற்போல ஆடும். ஒரு தடவை கேரள ஜோடி ஒன்றைச் சேற்றில் இறக்கிவிட்டது. இன்னொரு தடவை கயிற்றை அறுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் ஓடியது. அன்று சில்வஸ்டர் துரத்திப் பிடித்து, ஆத்திரம் தாங்காமல் வாரைச் சுழற்றி அதன் முகத்திலேயே நாலு அடி போட்டான்.  ஆனாலும் கோபம் தீரவில்லை.

பன்னிரண்டாவது வாரம் மறுபடியும் ஆடியது. பரிசோதனைக்கு இன்னும் ஒரே வாரம். சில்வஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தான்.

"ஏனுங்க டாக்டரம்மா, உங்க குதிரைமசால்தானுங்க அதுக்குக் கிறுக்கு ஏத்துது! தழைக்கட்டை இறக்கின மறுநாள் பார்த்துத் தவறாம ஆடுதுங்க!"

"மறுநாள்னா புதன்கிழமையா? எல்லாத் தடவையும் புதன்தானா?"

அவன் விரல் விட்டுப் பார்த்தான். ஜோடி விழுந்தது புதன். ரோட்டில் ஓடியதும் புதன். நேற்றும் புதன்தான்.

"குதிரைமசாலை வாரம் பூராத் திங்குதில்ல? அப்புறம் அது எப்படிங்க புதன்கிழமை மட்டும் ஆடும்? செவ்வாய்க்கிழமை நீங்க ஊட்டி போனப்புறம் அதை யாரு பார்த்துக்கறாங்க?"

 வீட்டில் இருப்பது சில்வஸ்டரின் பெண்டாட்டி எல்சா ஒருத்திதான்.

அடுத்த செவ்வாய் அவன் ஊட்டிக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, நாலு மணிக்குத் திரும்பினான். வாசலிலேயே வெல்லப்பாகு மணந்தது. கொட்டகையில் எல்சா முக்காட்டை இன்னும் எடுக்காமல், கோயிலிலிருந்து வந்த கோலத்தில், கையில் குண்டாவுடன் நின்றாள். குண்டா நிறைய வெல்லம் போட்டு வேகவைத்த கொள்ளு. ஒரு படிக்குக் குறையாது. மின்னி கழுத்தை நீட்டிக் கனைத்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்றே எல்சா?"

"நேர்ச்சைங்க." அவள் பதறவில்லை. "அந்தோணியாருக்குப் பதிமூணு செவ்வாய். இது அடங்கணும்னு, வாரம் ஒரு குண்டா இதுக்கு ஊட்டறதா நேர்ந்துக்கிட்டேன். இன்னைக்கோட முடியுது."

"பதிமூணு வாரமா இதையா போட்டே?"

"பன்னெண்டுங்க. அந்தோணியார் முன்னால கோவேறு கழுதையே மண்டி போட்டுச்சாம். குதிரை அடங்காதுங்களா? முன்னாடியே சொன்னா நீங்க வேண்டாம்பீங்க."

சில்வஸ்டர் தலையில் அடித்துக்கொண்டான். "அடியே, அந்தக் கழுதை மூணு நாள் பட்டினி கெடந்துச்சுடி! தீனி வச்சும் திரும்பிக்கூடப் பார்க்கல! கோயில்ல சாமியார் அந்தக் கதை சொல்றப்பத் தூங்கினியா?"

எல்சாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குண்டாவை விடவில்லை. "கடைசி வாரத்துல நிறுத்தி, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?"

நாளைக்குத்தான் பரிசோதனை. அவனுக்குக் கத்தித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. மூன்று மாதம் பஸ்ஸில் பட்ட பாடு, டாக்டரிடம் பேசிய பேச்சு, எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அவளும் குதிரைக்காகத்தான் முட்டி போட்டிருக்கிறாள். குண்டாவிலிருந்து பதிமூன்று மணியை எண்ணி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"செவ்வாய்க்கு ஒண்ணு. அந்தோணியாருக்கு இது போதும்."

எல்சா சற்று யோசித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். மின்னி ஒரே நக்கில் முடித்துவிட்டு மீதிக்காகக் குளம்பைத் தட்டியது. மீதியைப் புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் மின்னி நின்ற நிலையைப் பார்த்து மற்ற குதிரைக்காரர்களே நம்பவில்லை. ஷைனா விலாவைத் தடவிப் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் கை தட்டினார், பிளாஸ்டிக் பையை உதறிக் காட்டினார். முன்பின் தெரியாத ஒருவரை ஏற்றி மூன்று சுற்று விட்டார். மின்னி வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது. செவ்வாய்க்கிழமைக் கொள்ளுக் கதையை அவன் சொல்லக் கேட்டு, டாக்டர் சிரித்துக்கொண்டே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சில்வஸ்டருக்கு நெஞ்சு விம்மியது. லாரி இல்லை. மின்னி இங்கேதான் இருக்கும். "எஞ்சாமி!" என்று அதன் நெற்றியைத் தடவக் கையைத் தூக்கினான்.

மின்னி தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டது. கண்ணில் வெள்ளை விழி தெரிந்தது. காது இரண்டும் பிடரியோடு ஒட்டிக்கொண்டன.

அன்று வாரைச் சுழற்றிய அதே கையைத் தூக்கியபடி அவன் அப்படியே நின்றான். ஷைனா குதிரையைப் பார்த்தார், பிறகு அந்தக் கையைப் பார்த்தார்.

"இது கொள்ளு இல்லீங்க சில்வஸ்டர்" என்றார்.