வண்டி கிளம்பாத ஞாயிற்றுக்கிழமை

செம்பரம்பாக்கத்துக்குப் போகிற வழியில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் புல்வெளி மட்டும் மூன்று ஏக்கர். அதற்கென்று ஒரு வண்டி உண்டு. ஏறி உட்கார்ந்து ஓட்டினால் புல்லை வெட்டிக்கொண்டே போகும். வாரத்தில் ஆறு நாள் அதை ஓட்டுகிறவள் வடிவு. ஞாயிறு மட்டும் சங்கத் தலைவர் ஜெயராமன் கூலிங் கிளாஸோடு ஏறிக்கொள்வார். ஐ.டி. கம்பெனி மேனேஜர் அவர். போன வாரம் போட்டோவுக்குச் சிரித்தபடி வாடாமல்லிப் பாத்தி மேலேயே ஏற்றிவிட்டார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் ‘தோட்ட வேலையில் கவனக்குறைவு’ என்று அவரே எழுதினார். வாட்ச்மேன் லட்சுமணன் அதைக் காட்டியபோது வடிவு படித்துவிட்டு, நசுங்கிய செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை ஷெட் வாசலில் நிறுத்தியவள், சீட்டைத் தூக்கினாள். ஆள் உட்காராமல் இன்ஜின் கிளம்பிவிடக் கூடாது என்று அடியில் ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். வண்டியைக் கொண்டுவந்து இறக்கியவன் அன்றைக்கே அதைக் காட்டியிருந்தான். அந்தச் சுவிட்சின் வயரைப் பிடுங்கி, அழகாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டுச் சீட்டை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராமனின் மாமனார் வீட்டு ஆட்கள் திருப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர் சாவியைத் திருப்பினார். சின்னச் சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் பால்கனிகள் காலியாகி, எல்லோரும் கீழே வந்துவிட்டார்கள். ஒருவர் பெட்ரோலை மாற்றினார். ஒருவர் பிளக்கைக் கழற்றித் தேய்த்தார். இன்னொருவர் காரையே கொண்டுவந்து பேட்டரியோடு பேட்டரி இணைத்தார். ‘சி’ பிளாக் இளைஞன், எல்லாவற்றையும் ஆஃப் செய்து ஐந்து நிமிஷம் விட்டு ஆன் செய்தால் சரியாகிவிடும் என்றான். அதையும் பார்த்தார்கள்.

நேற்று நன்றாகத்தானே ஓடியது என்று ஜெயராமன் வடிவைக் கேட்டார்.

“சூப்பரா ஓடுச்சு சார். எனக்கு இன்னா தெரியும், நான் புல்லு வெட்டுறவ” என்றபடி அவள் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையில் மெக்கானிக் வருவான் என்று அவள் நினைக்கவில்லை. பூந்தமல்லியிலிருந்து முகமது ஆசிக் வந்து இறங்கியதும் முதலில் சீட்டைத்தான் தூக்கினான். வடிவின் கையில் இருந்த குழாய் ஒரே இடத்தில் கொட்டியது. தானாகக் கழன்ற வயர் ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளாது என்பது ஆசிக்குக்குத் தெரியாதா? சுற்றும் முற்றும் பார்த்தான். நசுங்கிய வாடாமல்லியைப் பார்த்தான், அதைக் குளமாக்கிக்கொண்டிருந்தவளையும் பார்த்தான். பிறகு, இதை யார் யார் ஓட்டுகிறார்கள் என்று விசாரித்தான்.

“சார், இந்த சீட்டு ஒரே ஆளு வெயிட்டுக்கு செட் ஆயிகீது. வேற ஆளு குந்துனா கன்ஃபியூஸ் ஆயி, போர்டே பூடும்” என்றான்.

ஜெயராமன் மெல்லத் தலையாட்டினார். அதன் பெயர் கேலிபரேஷன் என்று மாமனாருக்கு விளக்கவும் தொடங்கிவிட்டார். ஆசிக் வயரைச் செருகி வடிவை உட்காரச் சொன்னான். முதல் திருப்பலிலேயே இன்ஜின் உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள். இனி வடிவைத் தவிர யாரும் வண்டியில் ஏறக்கூடாது என்று தலைவர் அங்கேயே குழுவில் எழுதினார்.

கிளம்பும்போது ஆசிக் குனிந்து, “அக்கா, அடுத்த வாட்டி ரப்பர் பேண்ட் வேணாங்க்கா” என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஜெயராமனின் மனைவி அகல்யா கீழே வந்து வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“சனிக்கிழமை துணி எடுக்க பால்கனிக்கு வந்தேன், வடிவக்கா.”

வடிவு இன்ஜினை அணைத்தாள். வேலை போனால் பக்கத்துக் கிடங்கில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

“அவர்கிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்” என்ற அகல்யா, வண்டியைத் தடவிப் பார்த்தாள். “நான் ஒரு ரவுண்டு போகட்டுமா?”

தலைவரின் கார் நிற்கும் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வடிவு இறங்கினாள்.

“பிரேக்கை மெரிச்சிகினு சாவியத் திருப்பும்மா. பாத்திப் பக்கம் மட்டும் போவாத.”

அகல்யா போனாள். முதல் சுற்று ஆமை வேகம். இரண்டாவதில் செருப்பைக் கழற்றி எறிந்தாள். மூன்றாவதில் போதும் இறங்கு என்று வடிவு கையைக் காட்டியபோது, காதில் விழாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள்.