குண்டெழுத்துப் பலகை

என் கொழுந்தனுக்கு டிசைனர் என்று பெயர். அவனே வைத்துக்கொண்ட பெயர். என் பல் கிளினிக்குக்குப் பலகை எழுதித் தருகிறேன் என்று வந்து நின்றபோதே துரத்தியிருக்க வேண்டும். மாமியார் குறுக்கே விழுந்தார்.

"பிள்ளை ஆசைப்படுறான், செய்யட்டுமே."

சரி, தொலையட்டும் என்று விட்டேன்.

பெரிய டாக்டரிடம் வருஷக்கணக்கில் குப்பை கொட்டிவிட்டு வெளியே வந்தவள் நான். "போயிட்டு வாம்மா, உன் நாற்காலி அப்படியே இருக்கும்" என்று அவர் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. செத்தாலும் அங்கே திரும்பக் கூடாது. அதற்கு நாலு பேராவது என் படியேற வேண்டும்.

பலகை வந்தது. எழுத்தா அது! பழைய சர்க்கஸ் விளம்பரத்திலிருந்து தப்பி வந்தவைபோல ஒவ்வொன்றும் தின்று கொழுத்து, தொப்பையால் பக்கத்து எழுத்தை இடித்துக்கொண்டு நின்றது.

"ரெட்ரோ ஃபாண்ட் அண்ணி. பார்த்தாலே ஜாலியா இருக்கும்!"

"ஐஸ்கிரீம் வண்டியில எழுது, பொம்மைக் கடையில எழுது, அழகா இருக்கும். பல்லு பிடுங்குற இடத்துல என்னடா ஜாலி?"

"உங்களுக்கு ரசனையே இல்ல."

'இங்கே பல் பிடுங்கப்படும்' என்பதுதான் வாசகம். அதில் 'ல்'லுக்குப் புள்ளி வைக்காமல், அந்த இடத்தில் சிரிக்கும் வெள்ளைப் பல் ஒன்றை வரைந்திருந்தான் மகாராசன். பலகையோ வெளிர் மஞ்சள். மாட்டித் தொலை என்றேன்.

அப்புறம் ஈதான் ஓட்டினேன். வருவார்கள், படியில் கால் வைப்பார்கள், அண்ணாந்து பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஓர் அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியே போனாள். பெரிய டாக்டர் வேறு ஆள் விட்டுக் கேட்டார், எப்போது வருகிறாய் என்று. அழுகையாக வந்தது.

ஒருநாள் உச்சி வெயிலில் கொழுந்தன் வந்தான். கன்னம் அவன் எழுத்தைப் போலவே வீங்கியிருந்தது. படியேற மாட்டேன் என்கிறான்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணுதானே எடுப்பீங்க?"

"பின்னே எத்தனைடா?"

மேலே கை காட்டினான். தெருவில் இறங்கிப் பார்த்தேன். வெயிலில் அந்த வெள்ளைப் பல் இருந்த இடமே தெரியவில்லை. தெருவுக்கே கேட்கும்படி பலகை கத்திக்கொண்டிருந்தது: 'இங்கே பல பிடுங்கப்படும்.'

தனக்கு வலி வந்த பிறகுதான் துரைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருக்கிறது.

"என் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா, பாவி!"

"உயிர் போகுது அண்ணி..."

"போகட்டும்." ஏணியையும் கறுப்புப் பெயிண்டையும் கொண்டுவந்து வைத்தேன். "முதல்ல அந்தப் பல்லுக்குப் புள்ளி வை. அப்புறம் உன் பல்லைப் பார்க்கலாம்."

ஒரு கை கன்னத்தில், ஒரு கையில் பிரஷ். ஏறினான்.

"அண்ணி, புள்ளியையும் கொஞ்சம் குண்டா..."

பல் பிடுங்கும் குறட்டை எடுத்துக் காட்டினேன். சாதாரணப் புள்ளியாகவே வைத்தான்.

எதிர்க்கடை நிழலிலிருந்து அன்று ஓடிப்போன அம்மாள் இறங்கி வந்தாள். கன்னத்தில் இன்னும் கை.

"அப்போ ஒண்ணுதானா டாக்டர்?"

"ஒண்ணுதாம்மா. வாங்க."

கொழுந்தனை அவளுக்குப் பின்னால் உட்கார வைத்தேன்.