கேபிளைப் பிடுங்கியவள்

பிற்பகல் மூன்று நாற்பது. வாஷிங்டனில் சட்டம் நிறைவேறிவிட்டது என்ற செய்தி ஃபோர்ட் ஹாலிஸ் முகாமுக்கு வந்தபோது கேக்கை ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். ராணுவக் கணினிகளுக்கு ஆபத்து வந்தால் முடிவெடுக்க இனி ஒரே ஒரு பதவிதான். சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கர்னல் மெரில் தானே தட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தார்.

சார்ஜென்ட் லோர்னா ஹாஸ்கின்ஸ் வாங்கவில்லை.

பிப்ரவரியில், உதிரிபாகக் கிடங்கின் கணினிகளுக்குள் யாரோ புகுந்துவிட்டதை முதலில் கண்டவள் அவள். இரண்டு தலைமை அலுவலகங்களுக்குப் போன் செய்தாள். அது மற்ற அலுவலகத்தின் பொறுப்பு என்றது முதல் அலுவலகம். முதல் அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் தொட முடியாது என்றது இரண்டாவது. திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. முகாமின் இணையக் கேபிளைப் பிடுங்கினாள். முகாம் தப்பியது. ஒரு ஜெனரலின் காணொளிக் கூட்டம் பாதியில் நின்றது.

அனுமதியின்றிச் செயல்பட்டாள் என்று குற்றச்சாட்டு. திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. அவர்கள் நீக்கிவிட்டால், பதினேழு ஆண்டுச் சேவைக்கு ஓய்வூதியம் கிடையாது. நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தவர் மெரில்.

"செனட்ல உங்க கதையைச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினாங்களாம்," என்றான் பக்கத்து மேசை புரூயிட், வாய் நிறையக் கேக்குடன். "சிலை வைப்பாங்க பாருங்க, சார்ஜென்ட்."

"மொதல்ல வேலையில வைக்கட்டும்."

மெரில் அருகில் வந்தார்.

"லோர்னா, நாளைக்குப் புது அதிகாரிங்க வர்றாங்க. அன்னிக்கு நடந்ததை நீதான் விளக்கணும். ஆபத்துன்னு வந்தா எப்படி நடந்துக்கணும்னு காட்ட அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது."

"பரிந்துரையைத் திரும்ப வாங்கிட்டீங்களா, சார்?"

"அது வேற விஷயம்." விரலில் ஒட்டிய கிரீமைக் காகிதத்தில் துடைத்தார். "சட்டம் இன்னிக்குத்தான் வந்திருக்கு. பிப்ரவரியில அந்த முடிவை எடுக்க யாருக்குமே அதிகாரம் இல்ல. எனக்கும் இல்ல. நான் என்ன பண்ண முடியும்?"

அவர் முதுகுக்குப் பின்னால், அவள் காப்பாற்றிய கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. புரூயிட் மெல்லுவதை நிறுத்தினான்.

"அதிகாரம் யாருக்குமே இல்லைன்னா, தப்பு மட்டும் எனக்கு எப்படி வந்துச்சு, சார்?"