கார் சொன்னால் கேட்கிறார்

மாலை நாலரைக்கு மருத்துவமனை வாசலில் கார் வந்து நின்றது. மருந்தகத்தில் நாள் முழுக்க நின்றே மாத்திரை எடுத்துக் கொடுத்த கால்கள் கெஞ்ச, அவள் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கணவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார்.

அவர் அச்சகத்தில் மேற்பார்வையாளர். விடியற்காலையிலேயே வேலைக்குப் போக வேண்டியவர். ஆனாலும் படுத்த பிறகு கைபேசியில் விளையாட்டுப் போட்டி பார்க்காமல் கண்ணை மூட மாட்டார். விட்ட தூக்கமெல்லாம் மறுநாள் மாலை ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வந்து அமுக்கும்.

பெரிய சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"நீங்கள் சோர்வாக இருக்கிறீர்கள். சற்று ஓய்வெடுங்கள்."

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு அவர் காரை ஓரங்கட்டினார். இறங்கி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, பத்து நிமிடம் கையைக் காலை வீசி நடந்தார்.

உள்ளே இருந்தவளுக்கு வயிறு எரிந்தது.

பழைய காரில் பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அவள். "கண்ணு சொருகுது, நிறுத்துங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்! "வண்டி ஓட்டுறது நீயா, நானா? பேசாம வா" என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு இந்தப் புதுக் கார் வந்தது. ஓட்டுபவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்க அதில் ஒரு குட்டிக் கேமரா. இமை கொஞ்சம் கூடுதல் நேரம் மூடினால் குரல் வந்துவிடும். அன்றிலிருந்து அவர் அதன் புகழ் பாடாத ஆள் பாக்கியில்லை. "கூடப் பொறந்தவங்க மாதிரி அக்கறையா சொல்லுதுக்கா" என்று தன் அக்காவிடம் போனில் அவர் உருகியபோது, அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கையிலிருந்த சட்டையைக் கசக்கி எறிந்தாள்.

"இந்த மருந்து சாப்பிட்டா தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க" என்று மருந்தகத்தில் அவள் சொன்னால் முன்பின் தெரியாதவர்கள்கூடத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். கட்டியவருக்கு மட்டும் அவள் பேச்சு தொணதொணப்பு. அந்தக் குரலுக்கு என்ன, வேலைக்குப் போகிறதா, வீட்டுக்கு வந்து சமைக்கிறதா? தொண்டை கட்டாமல் தேனாய்ப் பேசத்தான் செய்யும்.

அடுத்த வாரம் ஒருநாள், டயருக்குக் காற்றுப் பிடிக்க அவர் இறங்கினார். அவள் கை தானாகக் காரின் திரைப்பக்கம் போனது. துழாவித் துழாவி 'ஓட்டுநர் கவனிப்பு' என்ற இடத்தைக் கண்டுபிடித்து அணைத்தாள். உறுதியா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். வாயாடி ஒருத்தியின் வாயை அடைத்துவிட்ட திருப்தி. இனி தான் சொன்னால்தான் உண்டு என்று சாய்ந்து உட்கார்ந்தாள்.

பாதி தூரம் தாண்டியதும் அவருக்குத் தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்தது.

"என்னங்க, தூக்கம் வருது உங்களுக்கு. கொஞ்சம் நிறுத்துங்க."

"காரே ஒண்ணும் சொல்லல. அதுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா?"

சுருக்கென்றது. 'நான்தான் அணைச்சுட்டேன்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், ஒரு காரோடு போட்டி போட்டவள் என்று அக்கா வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று விழுங்கிக்கொண்டாள்.

முன்னால் சாலையில் கோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு உள்ளே ஆட்கள் குனிந்து நின்றிருந்தார்கள். கார் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் முழுக்க மூடியிருந்தது.

கத்திக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். நாலைந்து கூம்புகள் பறந்தன. விழித்த அவர் பிரேக்கை மிதித்தார். ஒருவர் பெயிண்ட் வாளியைப் போட்டுவிட்டுக் குதித்து உருண்டார்.

கார் நின்றது. உருண்டவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. அவ்வளவுதான்; அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அவள் முதலுதவிப் பெட்டியோடு ஓடினாள். காயத்தைத் துடைத்து மருந்து வைத்தாள்.

"எப்பவும் சொல்லுமே... இன்னைக்குச் சொல்லவே இல்லையே," என்று கணவர் காரைப் பார்த்துப் பிதற்றினார்.

"நான்தான் அதை அணைச்சேன்," என்றாள் அவள், தலை நிமிராமல். "பதினோரு வருஷமா நான் சொன்னதை அது ஒரு தடவை சொன்னதும் கேட்டீங்க. பொறுக்கல. உங்களுக்குத் தூக்கம் வருதுன்னு தெரிஞ்சும் அணைச்சதைச் சொல்லல."

அவர் முகம் சிவந்தது. ஏதோ கத்த வாயெடுத்தவர், முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். "நீ சொன்னப்பவே நிறுத்தியிருக்கணும்," என்றார். "நீ சொல்லி நான் நிறுத்துறதாங்கிற வீம்புதான்."

அந்த ஆட்களுக்குத் தலைவியாக இருந்த பெண் அதுவரை கூம்புகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் தட்டிக்கொண்டு அருகில் வந்தாள்.

"சார், உங்க வீட்டுல யார் பேச்சு எடுபடணுங்கிற சண்டையை வீட்டோட வச்சுக்கங்க. ரோட்டுக்குக் கொண்டு வந்தீங்கன்னா அடிபடுறது நாங்க. காரு சொன்னா என்ன, அவங்க சொன்னா என்ன? தூக்கம் வருதுன்னு ஒருத்தர் சொன்னா நிறுத்தணும். அம்மா, உங்களுக்கும் சொல்றேன். உயிரைக் காப்பாத்துற குரல் யாரோடதா இருந்தாலும் அதுமேல பொறாமைப்படக் கூடாது."

அவர் எழுந்து போய், சிதறிக் கிடந்த மீதிக் கூம்பை எடுத்து வந்து அடுக்கினார். அவள் காருக்குள் போய், அணைத்ததைத் திரும்பப் போட்டாள்.