மாவுக் குண்டு

படகின் புகைபோக்கியில் புகை நின்றுவிட்டதைக் கரையில் நின்ற கூட்டத்தில் முதலில் கவனித்தவள் கெர்ட்ரூட்தான். மற்றவர்கள் எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று பிற்பகல் ஜொகூர் பாருவில் பாதி ஊர் ஸ்டூலாங் கரைக்கு வந்திருந்தது. அவித்த கச்சான் கடலை விற்கிறவன் இரண்டாவது கூடையைத் திறந்துவிட்டான். நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்க் கடற்படைத் தளம். அங்கே வெள்ளைக்காரன் ஒத்திகைப் போர் நடத்திக்கொண்டிருந்தான். சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் தளத்தைக் காக்க வேண்டும், கிழக்கேயிருந்து வரும் விமானங்கள் எதிரி. கப்பல் பீரங்கிகள் சத்தமும் புகையும் மட்டும் விட்டன. விமானங்கள் குண்டுக்குப் பதிலாகக் கோதுமை மாவு கட்டிய பைகளைப் போட்டன. மாவு எந்தக் கப்பலில் விழுகிறதோ அந்தக் கப்பல் செத்ததாகக் கணக்கு.

சீனாவில் ஜப்பான்காரன் நிஜக் குண்டையே போட்டுக்கொண்டிருந்த வருடம் அது. முனைக் கோப்பிக்கடைச் சீனர் மட்டும் வேடிக்கை பார்க்க வரவில்லை. முதல் விமானம் தலைக்கு மேல் போனதுமே கடைப் பலகைகளைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிற நாளில் கடையை மூடுகிறாரே, இந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று பக்கத்து வீட்டு அமலோற்பவம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

தோணிகளை இழுக்கும் அந்த நீராவிப் படகையும் தளத்துக்காரர்கள் ஒத்திகையில் சேர்த்திருந்தார்கள். அதன் அடிவயிற்றில்தான் கெர்ட்ரூடின் கணவன் ரபேல் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு விமானம் கூட்டத்தை விட்டுப் பிரிந்து செங்குத்தாக இறங்கியது. படகின் மேல் வெள்ளையாக ஒன்று வெடித்துப் பரவியது. கையில் நடுவர் பட்டை கட்டிய ஒரு துரை மேல்தளத்துக்கு வந்து கறுப்புத் துணியை ஏற்றினார். கரையில் கைதட்டல் எழுந்தது. புகை மெலிந்து, நூலாகி, இல்லாமல் போனது. செத்த படகில் அடுப்பு எரியக்கூடாதாம்.

"அலமாக், உன் வீட்டுக்காரரு செத்துட்டாருலா," என்றாள் அமலோற்பவம், வாய் நிறையக் கச்சானோடு.

கெர்ட்ரூடின் கை தாலிக்குப் போனது. விளையாட்டுக்குக்கூட எதைச் சொல்வது என்று ஒரு கணக்கு வேண்டாமா? அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அமலோற்பவத்துக்கு உறைத்தது.

"அட, பயப்படாத. ஒருத்தரு செத்துட்டதா சேதி வந்தா அவருக்கு ஆயுசு கூடும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

அந்த ஆறுதல் ஒட்டவில்லை. காரணம் வேறு. இந்தப் படகு வேலைக்கு ரபேலைப் பிடித்துத் தள்ளியவளே கெர்ட்ரூட்தான். சாஆ ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டில் ஒழுகும் கூரைக்குக் கீழே ஆறு மழைக்காலம் கழித்தவள். செங்கல் வீடு, வாசலிலேயே தண்ணீர்க் குழாய், இந்த இரண்டுக்கும் அவள் தினமும் ஜெபம் செய்தாள். படகு இனி மெர்சிங் பக்கம், திறந்த கடலுக்குப் போகிறது. இரண்டு வருடத்துக்குக் கைநாட்டு வைக்கிறவர்களுக்குச் செங்கல் வீடு உண்டு. மறுநாள் காலைதான் கடைசி. ரபேல் பிடிகொடுக்காமல் இருந்தான். நீரிணைக்குள்ளேயே சுற்றுவது வேறு, திறந்த கடல் வேறு என்றான். தோட்டத்தில் குறி சொல்லும் கருப்பாயி எப்போதோ அவன் கையைப் பார்த்துத் தண்ணீரில் கண்டம் என்று சொல்லிவைத்திருந்தாள். வேதக்காரன் குறி கேட்கலாமா? கேட்டுவிட்டான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்லுவான், அதை மட்டும் சொல்ல மாட்டான். பச்சைக் குழாயில் தண்ணீர் கொட்டும் வீட்டைக் கனவில் கண்டுகொண்டே கெர்ட்ரூட் ஒரு மாதமாக அவனைக் கோழை என்று குத்திக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ரபேல் வந்தான். தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை. வேர்வையில் மாவு குழைந்து கழுத்தில் காய்ந்திருந்தது. சவப்பெட்டியில் வைப்பதற்கு முன்னால் பவுடர் பூசிய முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தாள். அவனோ கல்யாண வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தான்.

"சோறு போடு. செத்தவனுக்குப் பசிக்கிது."

கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னான். மாவு காற்றுக்குழாய் வழியாக அடுப்பறைக்குள்ளேயே கொட்டியதாம். தொரை கீழே எட்டிப் பார்த்து, எல்லாரும் செத்துவிட்டீர்கள், நெருப்பை இழுத்துப்போட்டுவிட்டு மேலே வந்து பேசாமல் உட்காருங்கள் என்றாராம். எஞ்சின் டிரைவர் மணியம், செத்தவன் பீடி குடிக்கலாமா என்று கேட்டாராம். தொரை யோசித்துப் பார்த்து, குடிக்கலாம் என்றாராம். அப்புறம் செத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து மிச்சப் போரைப் பார்த்தார்கள்.

"பெரிய கப்பலுமா செத்துச்சு?"

"அதுவுந்தான். கரை மேல இருக்கிற பீரங்கி தெரும்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. ஏணிய புடிக்கக்கூட எனக்கு நேரமில்ல." அவன் தண்ணீர் குடித்தான். "அது கெடக்கு. முக்கியமான சேதி என்னன்னா, கண்டம் கழிஞ்சிருச்சு."

"என்னது?"

"கருப்பாயி சொன்ன கண்டம்தான். தண்ணியில சாவுன்னா. தண்ணியில செத்தாச்சு. தொரையே கொடி ஏத்திட்டாரு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. காலைல போயி கைநாட்டு வெச்சிர்றேன். ஒனக்கு வீடு."

கெர்ட்ரூட் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். ஒரு மாதமாக அவன் வாயிலிருந்து வரவேண்டும் என்று தவம் கிடந்த சொல். இப்போது அது காதில் வேறு மாதிரி விழுந்தது. ஏணியைப் பிடிக்கக்கூட நேரமில்லை என்கிறான், அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறான்.

"வேணாங்க."

"என்ன வேணாம்?"

"வீடு வேணாம். சாஆவுக்கே போயிரலாம். நான் ரப்பர் பால் வெட்டுறேன்."

"நேத்து வரைக்கும் என்னை கோழைன்னு சொன்ன."

"நான் சொன்னது தப்பு. விழுந்தது மாவுங்க. கண்டம் கழியுமா மாவுல?"

ரபேல் அவளைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பயம் போன மனுஷனோடு வாதாடி ஜெயிக்க முடியாது. பயத்தோடு இருந்தவரை அவன் அவள் பேச்சைக் கேட்கக்கூடியவனாக இருந்தான் என்பது இப்போதுதான் புரிந்தது. அவன் கை கழுவி, ஜெபமாலை சொல்லி, படுத்த உடனே தூங்கிப்போனான்.

காலையில் அவள் எழுந்து அடுப்பு மூட்டியபோது அவன் ஏற்கெனவே குளித்துத் தலைவாரி நின்றான். கோப்பியைக் குடித்தான். அவள் வாசலை மறித்து நின்றாள். அவன் அவள் தோளைப் பிடித்து மெதுவாக ஒரு பக்கம் நகர்த்திவிட்டுப் போனான். கோபமாகப் போயிருந்தால்கூடப் பின்னால் ஓடியிருப்பாள்.

பொதுக் குழாயடியில் அவனுடைய சட்டையை நனைத்தாள். உலர்ந்தபடியே உதறியிருக்க வேண்டும், தெரியவில்லை. தண்ணீர் பட்டதும் மாவு பசையாகித் துணியைப் பிடித்துக்கொண்டது. கல்லில் அடித்தாள், நகத்தால் சுரண்டினாள். பின்னால் வாளிகளோடு பெண்கள் காத்திருந்தார்கள். போனது போதும் என்று பிழிந்து, வேலிச் செம்பருத்தியின் மேல் சட்டைக் கைகளை நீட்டி விரித்துக் காயப்போட்டாள்.

அப்போது சிங்கப்பூருக்குப் போகும் தாம்பாக் பாதைப் பக்கமிருந்து விமான இரைச்சல் கேட்டது.

"ஒத்திகை நேத்தோட முடிஞ்சுதுன்னாங்களே," என்றாள் அமலோற்பவம், நிமிர்ந்து பார்க்காமலே, வாளியைக் குழாய்க்குக் கீழே தள்ளிக்கொண்டு.

வேறு யாரும் நிமிரவில்லை. ஒரு நாளிலேயே பழகிவிட்டது. இரைச்சல் தாழ்ந்து நெருங்கியது. கெர்ட்ரூட் வேலிக்கு ஓடினாள். செம்பருத்திக் கிளை முறிய, சட்டையை இழுத்து உருவினாள். அதைச் சுருட்டி மடியில் வைத்து, அதன் மேல் முழு உடம்பாலும் குனிந்து வேலியடியில் உட்கார்ந்துகொண்டாள். விமானத்தின் நிழல் குழாயடியைக் கடந்து, அவள் முதுகைக் கடந்து, கடல் பக்கம் போனது. பெண்கள் சிரித்தார்கள். சட்டையின் ஈரம் சேலையைத் தாண்டித் தொடையில் இறங்கியது, அவள் எழுந்திருக்கவில்லை.